ஆறாவது வரியும் இருபத்திரண்டாவது வரியும்

என் புருஷனைப் பித்தலாட்டக்காரன் என்று முதலில் சொன்னது நான் எழுதிய புரோகிராம். அடுத்துச் சொன்னது எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டின் கேட்டில் நின்ற செக்யூரிட்டி. மூன்றாவதாகச் சொன்னவள் நான். செக்யூரிட்டியை மன்னித்துவிட்டேன். புரோகிராமைத் திருத்திவிட்டேன். மூன்றாவது ஆளை என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

அவர் டிரெய்லர் ஓட்டுகிறவர். நான் ராயபுரத்தில், கீழே பருப்பு மண்டி, மேலே மாடியில் ஆறு நாற்காலி போட்ட ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். எங்களுடையது காதல் கல்யாணம். "பொண்ணு இன்ஜினியரு, மாப்ள லாரி டிரைவரு, எத்தினி நாளைக்குன்னு பாப்போம்" என்று திருவொற்றியூரில் எங்கள் தெருவே கேலி பேசியது. பேசட்டும். சாயங்காலம் வந்தால் கைகால் கழுவி, லுங்கி மாற்றிக்கொண்டு, அன்றைக்கு நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வார். மணலி ரோட்டில் யாருக்கு டயர் வெடித்தது, வண்டிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்து யார் மீன் குழம்பு வைத்தது, அதில் எந்தப் புண்ணியவான் உப்பை இரண்டு தரம் போட்டது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த யார்டுக்கு கேட் சீட்டு அடிக்கும் புரோகிராம் எங்கள் கம்பெனிக்கு வந்தபோது, அதை என்னிடம் கொடுத்தார்கள். யார்டு என்றால் துறைமுகத்தில் இறங்கிய கண்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கும் மைதானம். எந்த வண்டி எந்தக் கண்டெய்னரை எடுக்க வேண்டும் என்று மஞ்சள் தாளில் ஒரு சீட்டு. அது கையில் இருந்தால்தான் கேட் திறக்கும். அங்கே என்னென்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான், தில்லுமுல்லுகளையும் சேர்த்து. வரிசையில் முந்துவதற்காக அவருடைய தோஸ்து ஒருவர் அடுத்தவர் சீட்டைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, வண்டி நம்பரை மட்டும் மாற்றிக்கொண்டு உள்ளே போன கதையைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததைப் பத்திரமாக எடுத்தும் வைத்துக்கொண்டேன், பின்னால் அவர் மேலேயே எறிவதற்கு.

ஒரு கண்டெய்னருக்கு இரண்டு வண்டிக்குச் சீட்டுப் போய்விடக் கூடாது. அந்த வேலைக்கு உயிரே அதுதான். அதனால் ஒவ்வொரு வரியையும் பதியும் முன், "இந்தக் கண்டெய்னரை ஏற்கெனவே யாருக்காவது கொடுத்தாயிற்றா?" என்று டேட்டாபேஸைக் கேட்கும்படி எழுதினேன். எங்கள் தொழிலில் டேட்டாபேஸோடு நேராகப் பேசுவது குறைவு. நடுவில் ஓ.ஆர்.எம். என்று ஒரு தரகு புரோகிராம் உண்டு, அதை ஒரு ஆள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒரு சீட்டை உருவாக்கிக் கொடுத்தால் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வான். 'சேவ்' என்று சொன்ன பிறகுதான் கையில் இருப்பதை எல்லாம் மொத்தமாகக் கொண்டுபோய் டேட்டாபேஸில் எழுதுவான். நடுவில் எதையாவது கேட்டால், டேட்டாபேஸில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வான். தன் கையில் இருப்பதைப் பார்க்க மாட்டான். சில ஓ.ஆர்.எம். கேள்விக்கு முன்னால் தானாகவே எழுதிவிட்டுத் தேடும். நாங்கள் வைத்திருந்தது அந்த ரகம் இல்லை. கையில் என்ன இருக்கிறது என்று தனியாகக் கேட்கவும் ஒரு வழி இருந்தது. அதைக் கேட்க வேண்டும் என்று இந்த மேதாவிக்குத் தோன்றவில்லை.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. ஒரு சீட்டைப் போட்டு, சேவ் செய்து, அதே கண்டெய்னருக்கு இன்னொன்று போட்டேன். சிவப்பு எழுத்தில் தடுத்தது. ஒரே தடவையில் பல வரிகளை அடித்து, கடைசியில் ஒரு முறை சேவ் அழுத்தும் வசதியை யார்டுக்காரர்களே கேட்டு வாங்கியிருந்தார்கள். அங்கே நெட் வரும், போகும். அதையும் பத்து வரி போட்டுப் பார்த்தேன். பத்தும் வேறு வேறு கண்டெய்னர். ஒரே பட்டியலுக்குள் ஒரு கண்டெய்னர் இரண்டு முறை வரும் என்று எந்தப் பைத்தியம் நினைக்கும்? திருப்தியாக ஒரு டீ குடித்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

புரோகிராம் யார்டில் ஓடத் தொடங்கிய சில நாளில், ஒரு சாயங்காலம் நான் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். முகம் கழுவவில்லை. சட்டை மாற்றவில்லை.

"யார்டு கேட் பாஸைப் புடுங்கிக்கினானுங்கமே," என்றார்.

வழக்கம்போல ஒன்றுவிடாமல்தான் சொன்னார். காலையில், வண்டிகளைப் பட்டியல் போட்டு யார்டுக்கு அனுப்பும் ஏஜென்டின் ஆள் ரோட்டில் வந்து சீட்டுக் கொடுத்தான். வரிசையில் மூன்று மணி நேரம். கண்டெய்னர் அடுக்கில் இல்லை என்று உள்ளேயிருந்து சொன்னதும், கேட்டில் செக்யூரிட்டி அதன் நம்பரை அடித்துப் பார்த்தான். அந்தக் கண்டெய்னர் ஒரு மணி நேரம் முன்பே வேறு வண்டியில் போய்விட்டது, சீட்டும் அந்த வண்டி பேரில்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னது. அப்படியானால் இவர் கையில் இருப்பது ஜெராக்ஸ். மேனேஜர் வந்து அதே திரையைப் பார்த்து அதையே சொன்னார். பாஸ் போயிற்று. கேட் ஜன்னலில் இவர் போட்டோவை ஒட்டி 'அனுமதி இல்லை' என்று எழுதிவிட்டார்கள். அது டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் சுற்றி, மத்தியானத்துக்குள் வண்டி ஓனர் போன் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

கண்டெய்னர் நம்பரைக் கேட்டேன். சொன்னார். அடித்தேன். ஒரே ஒரு சீட்டு வந்தது, வேறு வண்டி பேரில். ஒரு கண்டெய்னருக்கு ஒரு சீட்டுதானே இருக்க முடியும் என்று, முதலில் கிடைத்ததை மட்டும் காட்டும்படி நானே எழுதிய திரை அது.

"யோவ், நெசத்தச் சொல்லு. உன் தோஸ்து பண்ணா மாதிரி நீயும் பண்ணியா?"

"இன்னாமே சொல்ற?"

"இதுல ஒரு சீட்டுதான்யா கீது. இது நான் எழுதுனது. இதுல தப்பு வராது."

"அப்போ நான் டபாய்க்கிறேன்?"

"நான் அப்டி சொல்லல..."

"அப்டித்தான் சொல்ற. மூணு மணி நேரம் வெயில்ல நின்னுகினு இருந்தவன் நானு. என் மூஞ்சிய ஒரு தபா பாத்துச் சொல்லு."

நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "கோவப்படாதய்யா, ரெக்கார்டு இன்னா சொல்லுதுன்னு பாக்கணும்ல," என்றேன். ரெக்கார்டாம், ரெக்கார்டு! இன்று அந்த வார்த்தையை நினைத்தால் வாயைக் கழுவத் தோன்றுகிறது. அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அதற்குப் பிறகும் தினமும் காலையில் வேலைக்குப் போகிறவர் போலவே கிளம்பிப் போனார். யாராவது ஒரு நாளைக்கு மாற்று டிரைவராகக் கூப்பிட மாட்டார்களா என்று டீக்கடையில் நிற்பார். வள்ளூரில் அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்றும் லாரி வைத்திருக்கும் ஒருவர் பேசிவிட்டு, கடைசியில் "யார்டு கேஸு நீதானே?" என்றாராம். அதைக்கூட அவர் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

பதினோராவது நாள், பிரின்டர் சீட்டைக் கோணலாகக் கடித்துத் துப்புகிறது என்று யார்டிலிருந்து போன் வந்து நான் போனேன். கேட்டைத் தாண்டும்போது ஜன்னலில் அவர் போட்டோ. தலை வாராமல், வாய் பாதி திறந்தபடி, யாரோ செல்போனில் எடுத்தது. அது என் புருஷன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது, அவருக்குப் பழக்கமான, சீட்டு அடிக்கும் கிளார்க்கைத் தவிர. கிளார்க்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தண்டையார்பேட்டைக்காரர், பேப்பரில் சீட்டு எழுதிய காலத்திலிருந்து அங்கே இருக்கிறவர். நான் உள்ளே போனதும் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"உன் வூட்டுக்காரரு வண்டி அன்னிக்கு மாத்து வண்டிம்மா," என்றார்.

"மாத்து வண்டின்னா இன்னா பாய்?"

சொன்னார். ஏஜென்ட் ஒரு கண்டெய்னருக்கு ஒரு வண்டியைப் பட்டியலில் போட்டிருப்பான். அந்த வண்டி பஞ்சர், அல்லது டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால், அதே கண்டெய்னருக்கு இன்னொரு வண்டியைப் பட்டியலின் அடியில் எழுதுவான். மேலே இருப்பதை அடிக்க மாட்டான். பழைய வண்டி வந்தாலும் வந்துவிடும் அல்லவா? எது முதலில் வருகிறதோ அது எடுத்துப் போகட்டும். அங்கே அதுதான் வழக்கம், தினமும் நடப்பது. இரண்டு வண்டியும் வந்து நிற்பதுதான் எப்போதாவது நடக்கும்.

"பேப்பர்ல எழுதச்சொல்ல மேல ஒரு வட்டம், கீழ ஒரு வட்டம் போட்டு ரெண்டையும் ஒரு கோட்டால சேத்துருவோம். ஒரு வண்டி எட்த்துகினு போச்சுன்னா, அப்பால வர்றவனுக்கு வேற கண்டெய்னரு குடுத்துருவோம். உன் கம்ப்யூட்டர்ல கோடு போட எடமே இல்லியேம்மா. அதுவே புட்சிக்கும்னு நெனச்சிட்டேன்."

செல்போனில் அன்றைய பட்டியலைக் காட்டினார். ஆறாவது வரியில் ஒரு வண்டி. இருபத்திரண்டாவது வரியில் என் புருஷன் வண்டி. கண்டெய்னர் நம்பர் ஒன்றேதான்.

"இத்த மேனேஜராண்ட ஏன் பாய் சொல்லல?"

"ரெண்டையும் அடிச்சது நான்தானேம்மா. என் பொழப்பும் பேஜாராயிடும். நான் சொன்னேன்னு சொல்லிடாத."

அவரைத் திட்ட வாயெடுத்தேன். அதற்கு முன் பிரின்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் திரையை விட்டுவிட்டு நேராக டேட்டாபேஸுக்குள் போய்த் தேடினேன். இரண்டு சீட்டு இருந்தது. ஒரே கண்டெய்னர், ஒரே நிமிஷம், ஒரே நொடி. ஆறாவது வரியைக் கையில் வைத்துக்கொண்டே, இருபத்திரண்டாவது வரிக்காக என் புரோகிராம் டேட்டாபேஸைப் போய்க் கேட்டிருக்கிறது. இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று பதில் வந்திருக்கிறது. இரண்டுக்கும் சீட்டு அடித்துவிட்டது. பாய் வாங்கி வைத்த டீ ஆறிப்போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

நேராக ராயபுரம் போய் முதலாளியிடம் சொன்னேன். தெற்கத்தி வியாபாரக் குடும்பத்துக்காரர். கீழே இருக்கிற பருப்பு மண்டியும் அவருடையதுதான். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். குரலை உயர்த்தவே மாட்டார்.

"திருத்த எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"அரை மணி நேரம் அண்ணாச்சி. முதல்ல கையில இருக்கறதப் பாத்துட்டு, அப்புறம் டேட்டாபேஸப் பாக்கச் சொல்லணும்."

"அப்ப திருத்திப் போட்டுரு. யாருட்டயும் மூச்சு விடாத. அடுத்த மாசம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும்லா."

"ஒரு டிரைவரோட பாஸ் போயிருச்சு அண்ணாச்சி."

"அதுக்கு நாம என்னம்மா செய்ய முடியும்? எவனோ ஒரு டிரைவர்."

"என் வீட்டுக்காரர்."

பேனா மூடியைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு முகம் தெளிந்தது. "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு! வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிக்கிடலாம்லா."

அந்த ஆளைத் திட்டி ஒரு பக்கம் எழுதலாம். எழுத எனக்கு யோக்கியதை வேண்டுமே. நான் மாடிப்படியில் இறங்கிப் போய்விடவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து திருத்தினேன். என்ன மாற்றினாய் என்று கேட்கும் கட்டத்தில் 'சிறு மேம்பாடு' என்று எழுதினேன். வீட்டில் இப்போது என் சம்பளம் ஒன்றுதான், அதுவும் போனால் என்ன கதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குச் செய்த திருத்தம் இவ்வளவுதான்: முதலில் கையில் இருப்பதைக் கேள், அப்புறம் எழுதி வைத்ததைப் பார். பதினோரு நாள் முன்பு என் எதிரே உட்கார்ந்திருந்த மனுஷனிடம் நான் அதைச் செய்யவில்லை என்பது அப்போதே உறைத்தது. உறைத்தும் என்ன? அவரிடம் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று. மூன்று வாரம் போய்விட்டது.

அந்த மூன்று வாரமும் நான் அப்படி ஒரு நல்ல பெண்டாட்டியாக இருந்தேன்! முதல் நாளே காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி வந்து வறுத்துப் போட்டேன். "இன்னாமே விசேசம்?" என்று கேட்டார். சும்மாத்தான் என்றேன். வெங்காயத்தை இப்போது அவர் நறுக்கினார். நான் ஆபீஸ் கதையை எடுத்துவிட்டால் தலையை ஆட்டுவார். அவரிடம் சொல்ல ஒரு கதையும் இல்லை.

ஒரு நாள் கோடு போட்ட தாள் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். யார்டில் சொன்னார்களாம்: தப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் பாஸைத் திருப்பித் தருவது பற்றி யோசிப்பார்களாம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். குதிரைக்குத் தீனி போட்டவள் நான், அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"உன் கையெழுத்துதான் நல்லா கீது. நீயே எழுது," என்றார்.

"செய்யாததுக்கு எதுக்குய்யா மன்னிப்பு?"

"ஓ, செய்யலன்னு இப்போ சொல்றியா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அத்த வுடு. வண்டி ஓட்டாம பைத்தியம் புடிக்கிது. எழுது. ஐயா, நான் கலர் ஜெராக்ஸ் எடுத்தது தப்பு."

'ஐயா' என்று எழுதினேன். 'நான்' என்று எழுதினேன். 'கலர்' வரைக்கும் போய்விட்டேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"நீ எடுக்கல. தப்பு என் புரோகிராம்ல," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பாய் போட்ட வட்டம், ஆறாவது வரி, இருபத்திரண்டாவது வரி, அண்ணாச்சி சொன்னது, நான் திருத்தியது. சொல்லச் சொல்ல அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"மூணு வாரமா."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். "வஞ்சிரம் வாங்கினு வந்தியே, அன்னிக்கா?"

"ஆமா."

"மீனு நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

மறுநாள் அண்ணாச்சியிடம் கேட்காமலே யார்டுக்குப் போனேன். இரண்டு சீட்டுகளின் பதிவையும் அச்சடித்து மேனேஜர் மேஜையில் வைத்தேன். பாய் பேரை இழுக்கவில்லை. இது என் தப்பு, அந்த டிரைவர் என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். வேலை போகும், காண்ட்ராக்ட் போகும், போலீஸ்கூட வரலாம் என்று எல்லாவற்றுக்கும் மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் போயிருந்தேன். மேனேஜர் தாளை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அட, சாஃப்ட்வேர்ல தப்பா? மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? கம்ப்யூட்டர்னா இதெல்லாம் சகஜம்தானே," என்று சொல்லி டீ கொண்டுவரச் சொன்னார். கூட இரண்டு பிஸ்கட்டும் வந்தது. அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சிரித்துப் பேசினார். அடுத்த மாதம் காண்ட்ராக்ட் புதுப்பித்தார்கள். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. டிரைவர் செய்தார் என்று நினைத்தபோது அது பித்தலாட்டம், ஒரு மாதத்துக்கு மேல் நடுரோட்டில் நிறுத்தினார்கள். இன்ஜினியர் செய்தாள் என்றதும் அது சகஜம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்? எதற்குப் பயந்து மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது கடைசிவரை நடக்கவே இல்லை. பயந்தது வீண். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. போகும்போது ஜன்னலில் இருந்த போட்டோவை நகத்தால் நானே சுரண்டினேன். பசை காய்ந்துபோய், தாடையும் கழுத்தும் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.

பாஸ் வந்தது. வண்டியும் வந்தது. முதல் நாள் போய்விட்டுச் சாயங்காலம் வந்தார். கைகால் கழுவினார், லுங்கி மாற்றினார், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். நான் வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல, "இன்னிக்கு இன்னாய்யா ஆச்சு?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல பாத்துக்கமே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வது போலச் சொன்னார்.

அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதே பதில்தான். சில நாள் அவர் தூங்கிய பிறகு பார்க்கவும் செய்கிறேன். இன்று காலை ஒன்பது பத்துக்கு கேட்டுக்குள் போயிருக்கிறார். பத்து நாற்பதுக்கு ஒரு கண்டெய்னரோடு வெளியே வந்திருக்கிறார். அவருடைய இன்றைய நாளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.